எட்டு வயது லேப், 39 கிலோ, மடியில் ஒரு கட்டி: எடைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

கருப்பிவீடு (திருச்சி)
திங்கள், இரவு 10.20

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் கருப்பி லேப்ரடார். வரும் தையில் எட்டு வயது முடிகிறது. கருத்தடை ஆபரேஷன் செய்யவில்லை, குட்டியும் போட்டதில்லை. போன பங்குனியில் வயிற்றைச் சொறிந்துவிடும்போது இடது பக்கம், கடைசிக்கு முந்தின காம்பு ஓரத்தில் ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி ஏதோ கையில் உருண்டது. பக்கத்துக் கிளினிக்கில் காட்டினோம். தொட்டுப் பார்த்துவிட்டு, "குண்டு நாய்க்குக் கொழுப்புக் கட்டி வரத்தான் செய்யும், பெரிதானால் பார்க்கலாம்" என்றார்கள். நாங்களும் விட்டுவிட்டோம். நேற்று குளிப்பாட்டும்போது பார்த்தால் நெல்லிக்காய் அளவுக்கு வந்துவிட்டது. அழுத்தினால் வலி இல்லை. நன்றாகச் சாப்பிடுகிறாள், வாசலில் யார் வந்தாலும் ஓடுகிறாள்.

எடை 39 கிலோ. தூக்க முடியவில்லை என்று தெருமுனை அரிசி மண்டியில் மூட்டை நிறுக்கும் தராசில் ஏற்றிப் பார்த்தோம். காலையில் மாமா காபி குடிக்கும்போது அவளுக்கு மேரி பிஸ்கட், குறைந்தது பத்து. மதியம் தயிர்சாதம். இரவு கோழி போட்ட சாதம். நடுவில் இட்லி, தோசை ஓரம் எல்லாம் உண்டு.

இது கொழுப்புக் கட்டியா, புற்றா? எடையைக் குறைத்தால் கட்டியும் சுருங்குமா? இவ்வளவு பருமனில் மயக்க மருந்து கொடுப்பார்களா என்று பயமாக இருக்கிறது. முதலில் இளைக்க வைத்துவிட்டு அப்புறம் ஆபரேஷன் செய்யலாமா?

வைகைக்கரை (மதுரை)
திங்கள், இரவு 11.05

சகோதரி, தயவுசெய்து தள்ளிப் போடாதீர்கள். எங்கள் வீட்டில் பொமேரியன் இருந்தது. ஏழு கிலோ இருக்க வேண்டியவள் பதினொன்று இருந்தாள். முடியும் கொழுப்புமாகச் சேர்ந்து, கட்டி எலுமிச்சை அளவு வரும்வரை எங்கள் யாருக்கும் தெரியவில்லை. தெரிந்த பிறகும், பத்து வயதில் போய் ஏன் அறுக்க வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னார்கள், நானும் தலையாட்டினேன். ஏழெட்டு மாதத்தில் தோல் வெடித்து நீர் வடிந்தது. ஈ மொய்க்காமல் பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றி வைத்திருப்போம். பிறகு ராத்திரியில் இருமல். சளி என்று நினைத்தோம். எக்ஸ்ரே எடுத்தபோது நுரையீரல் முழுக்க வெள்ளை வெள்ளையாக உருண்டைகள். அதற்குப் பிறகு 19 நாள்.

இதை உங்களைப் பயமுறுத்த எழுதவில்லை. உங்கள் கருப்பிக்கு இன்னும் நேரம் இருக்கலாம், அதற்காகத்தான்.

கால்நடைமருத்துவர்_தஞ்சை
செவ்வாய், காலை 6.40

கருப்பிவீடு, இந்த வாரத்துக்குள் அவளை நன்றாகப் பரிசோதிக்கும் இடத்துக்குக் கூட்டிப் போங்கள். திருச்சியிலேயே நல்ல இடங்கள் உண்டு. வேப்பேரியிலுள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் நாமக்கல் கல்லூரிக்கும் வெளியூரிலிருந்து நாய்களைக் கொண்டுவருவது சாதாரணம்தான்.

நாய்க்குப் பெரும்பாலும் ஐந்து ஜோடி பால் சுரப்பிகள், நெஞ்சிலிருந்து தொடை இடுக்கு வரை இரண்டு வரிசையாக. பின்னால் இருக்கும் நான்காவது, ஐந்தாவது ஜோடியில்தான் கட்டிகள் அதிகம் வரும், அங்கே சுரப்பித் திசு அதிகம் என்பதால். நீங்கள் சொல்லும் இடம் நான்காவது. கருத்தடை செய்யாத பெண் நாய்க்கு வரும் கட்டிகளில் இதுதான் முதலிடம். தோராயமாகப் பாதி சாதுவானவை, பாதி புற்று. கையால் தொட்டு இது எந்தப் பாதி என்று சொல்ல யாராலும் முடியாது, இருபது வருடம் பார்த்த என்னாலும் முடியாது. கொழுப்புக் கட்டி மடிப்பக்கமும் வரும், உண்மைதான். ஆனால் பால் சுரப்பிமேல் வந்த கட்டியைக் கொழுப்பு என்று கைவிரலால் முடிவு செய்யக் கூடாது. ஊசி குத்தி உறிஞ்சிப் பார்த்தால் கொழுப்புக் கட்டியா, வேறு வகையா என்று ஓரளவு பிரிக்கலாம். சுரப்பிக் கட்டி சாதுவா புற்றா என்பதை எடுத்த சதையைப் பயாப்ஸிக்கு அனுப்பித்தான் சொல்ல முடியும்.

அளவு முக்கியம். 3 சென்டிமீட்டருக்குள் எடுத்துவிட்டால் நல்ல வாய்ப்பு. 3 முதல் 5 வரை நடுத்தரம். 5 தாண்டினால் கவலை. பெரிய நெல்லிக்காய் என்றால் ஏறக்குறைய அந்த முதல் எல்லையில் நிற்கிறீர்கள். ஆபரேஷனுக்கு முன்னால் நெஞ்சை மூன்று கோணத்தில் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள், இரண்டு பக்கமும் படுக்கவைத்து ஒவ்வொன்று, நேராக ஒன்று. தொடை இடுக்கிலும் அக்குளிலும் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனையும் வேண்டும்.

பருமன் மடிப்புற்று ஆபத்தைக் கூட்டலாம், ஆனால் எடை குறைந்தால் வந்த கட்டி சுருங்காது. இளைக்கவைத்துவிட்டு அப்புறம் அறுக்கலாம் என்று காத்திருக்கவே கூடாது. 39 கிலோவை ஒழுங்காக 28க்குக் கொண்டுவரச் சீக்கிரம் என்றாலும் நாலைந்து மாதம் பிடிக்கும். கொண்டைக்கடலை நெல்லிக்காயானது அதே ஐந்து மாதத்தில்தான். பருத்த நாய்க்கு மயக்கத்தில் மூச்சு விடுவது சிரமம், காயம் ஆறவும் தாமதமாகும், அதை மறைக்கவில்லை. அதற்கு ஏற்றபடி டோஸ் போட்டு, மூச்சுக்குழாய் வைத்து, ஆக்சிஜன் கொடுத்துச் செய்கிற இடமாகப் பாருங்கள்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். மடி முழுக்கச் சிவந்து, சூடாக, தொட்டாலே துடிக்கிற மாதிரி வீங்கினால் அது அழற்சி வகைப் புற்றாக இருக்கலாம். அதை அவசரப்பட்டு அறுப்பதில் பயனில்லை, வழியே வேறு. கருப்பிக்கு அப்படித் தெரியவில்லை.

ராக்கி_வடசென்னை
செவ்வாய், மதியம் 1.15

டாக்டரம்மா, மற்றதெல்லாம் சரி. எடைக்கும் புற்றுக்கும் முடிச்சுப் போடுவதுதான் எனக்கு ஒப்பவில்லை. எங்கள் பக்கத்து வீட்டு லேப் பீப்பாய் மாதிரி இருந்து பதின்மூன்று வயது வரை வாழ்ந்தது, ஒரு கட்டியும் வரவில்லை. அதே தெருவில் ஒல்லியான தெருநாய்க்கு மடியில் கட்டி தொங்கியது. இப்போதெல்லாம் எது வந்தாலும் குண்டு என்று சொல்லி வளர்ப்பவர்களைக் குற்றவாளி ஆக்குகிறார்கள். அந்த அக்காவே பயந்து போய் இருக்கிறார், இதில் பிஸ்கட் கொடுத்த பழியும் வேறா?

கால்நடைமருத்துவர்_தஞ்சை
செவ்வாய், இரவு 9.30

தம்பி, நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. பழி போடுவதில் எனக்கு விருப்பமில்லை. மாமா கொடுத்த பிஸ்கட்தான் கட்டியாக வந்தது என்று எந்த டாக்டரும் சொல்ல முடியாது. தெரிந்ததைத் தெரிந்த அளவுக்குச் சொல்கிறேன்.

1991இல் அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மடிப்புற்று வந்த நாய்களையும் வராத நாய்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒன்பதிலிருந்து பன்னிரண்டு மாத வயதில் ஒல்லியாக இருந்த நாய்களுக்குப் புற்று குறைவு. இது கருத்தடை செய்த நாய்களில் தெளிவாகத் தெரிந்தது, செய்யாதவற்றில் அவ்வளவு உறுதியாக இல்லை. சாப்பாட்டில் கொழுப்பு எவ்வளவு என்பதற்கும் புற்றுக்கும் தொடர்பு கிடைக்கவில்லை. பிறகு 1998இல் ஸ்பெயினின் மாட்ரிட்டில் செய்த ஆய்வில், ஒரு வயதில் பருத்திருந்த நாய்களுக்கும், கட்டி கண்டுபிடிப்பதற்கு ஒரு வருடம் முன்னால் பருத்திருந்தவற்றுக்கும் ஆபத்து அதிகம் என்று வந்தது. 2015இல் கொரியாவில் புற்று வந்த நாய்களை மட்டும் எடுத்துப் பார்த்தார்கள். பருத்தவற்றுக்கு ஒல்லியானவற்றைவிட ஏறக்குறைய ஒரு வயது முன்னதாகவே வந்திருந்தது. அவற்றின் கட்டிகளில் அரோமடேஸ் என்ற நொதியும் கூடுதலாக இருந்தது.

அந்த நொதிதான் ஆண் ஹார்மோன் வகைகளை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுவது. கொழுப்புத் திசுவிலும் இது உண்டு. சும்மா படிந்து கிடக்கும் நெய்க்கட்டி மாதிரி கொழுப்பை நினைக்கிறோம், ஆனால் அது ஹார்மோன் சுரக்கும் உறுப்பு மாதிரி வேலை செய்கிறது. அது சுரக்கும் ஹார்மோன்களில் லெப்டின் கூடுகிறது, அடிபோனெக்டின் குறைகிறது, இன்சுலின் ஏறுகிறது, உடம்பில் எப்போதும் ஒரு மெல்லிய அழற்சி ஓடிக்கொண்டிருக்கிறது. கட்டி வளர இவை எல்லாமே உதவக்கூடியவை.

இவையெல்லாம் சிறிய ஆய்வுகள். தொடர்பே இல்லை என்று சொன்ன ஆய்வுகளும் உண்டு. வயது, இனம், சூலகத்தின் ஹார்மோன், இவற்றுக்கு அடுத்த வரிசையில்தான் எடையை வைப்பேன். பக்கத்து வீட்டு லேப் தப்பித்ததும் தெருநாய்க்கு வந்ததும் இரண்டுமே நடக்கக்கூடியவைதான். கருத்தடை ஆகாத தெருநாய்க்கு ஒவ்வொரு ஹீட்டிலும் (இனச்சேர்க்கைப் பருவத்திலும்) அதே ஹார்மோன் அலை அடிக்கிறதே.

எனக்கு இதில் மனதில் பட்டது அந்த ஒன்பது மாதம், ஒரு வயது என்ற கணக்குதான். நாம் குட்டியைக் கொழுக் கொழுக்கென்று வளர்த்துப் பெருமைப்படும் வயது அது. எட்டு வயதில் கட்டியோடு வரும்போது அதைத் திருப்பி எடுக்க முடியாது. வீட்டில் குட்டி வைத்திருப்பவர்கள் படிக்க வேண்டும் என்றுதான் இவ்வளவு எழுதினேன்.

கரிசல்காட்டான் (சாத்தூர்)
புதன், காலை 7.10

டாக்டரம்மா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நாங்கள் மூன்று தலைமுறையாகச் சிப்பிப்பாறை நாய் வளர்க்கிறோம். வெளியூர் ஆட்கள் பார்த்தால், "சோறு போடுவதில்லையா, எலும்பும் தோலுமாக நிற்கிறதே" என்பார்கள். பின்பக்க விலா ரெண்டு மூணு கண்ணுக்குத் தெரிய வேண்டும், வயிறு மேலே ஏறியிருக்க வேண்டும், அதுதான் அதன் உடல்வாகு. லேபுக்கு அப்படித் தெரியக் கூடாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கையை வைத்தால் விலா தட்டுப்பட வேண்டும். எங்கள் அப்பா சொல்லிக்கொடுத்தது: கையை மடக்கி விரல் மூட்டுகளைத் தடவிப் பார், அப்படி இருந்தால் வத்தல். கையை விரித்துப் புறங்கையைத் தடவு, அப்படி இருந்தால் சரி. உள்ளங்கைச் சதை மாதிரி இருந்தால் சோற்றைக் குறை.

கால்நடைமருத்துவர்_தஞ்சை
புதன், காலை 7.45

அண்ணா, உங்கள் அப்பா சொன்னதைத்தான் நாங்கள் கிளினிக்கில் ஒன்பது புள்ளி அளவுகோல் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். நாலும் ஐந்தும் சரியான உடம்பு. அதற்குமேல் ஒவ்வொரு புள்ளியும் தோராயமாகப் பத்து சதவீதம் கூடுதல் எடை. விலாவைத் தடவும் அதே கையை அப்படியே அடிவயிற்றுக்கு இறக்கி, பத்து காம்பையும் சுற்றிக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மெதுவாக உருட்டிப் பாருங்கள். மல்லாக்கப் படுக்கவைத்தால் எளிது. மாதம் ஒரு தடவை போதும். பருத்த நாயில் மிளகு அளவுக் கட்டி கொழுப்புக்குள் அமுங்கிவிடும், வைகைக்கரை வீட்டில் நடந்தது அதுதான்.

பட்டுக்குட்டி_கோவை
புதன், மாலை 4.50

எங்கள் வீட்டில் ஏழு மாத லேப் பெண் குட்டி, இன்னும் ஹீட் வரவில்லை. எப்போது கருத்தடை செய்வது? ஹீட் வராமல் இருக்க ஊசி போட்டால் போதும் என்று ஒருவர் சொன்னார். செய்த பிறகு குண்டாகிவிடும் என்றும் பயமுறுத்துகிறார்கள். அப்படிக் குண்டானால் புற்றுக்கே வழி ஆகாதா அக்கா?

கால்நடைமருத்துவர்_தஞ்சை
புதன், இரவு 10.15

முதலில் ஊசி: வேண்டாம். புரோஜெஸ்டிரான் வகை ஊசிகள் மடிக்கட்டி வரும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. கருப்பையில் சீழ் பிடிக்கவும் வைக்கும்.

கருத்தடைக்கு எல்லோரும் சொல்லும் கணக்கு 1969இல் அமெரிக்காவில் வந்தது. முதல் ஹீட்டுக்கு முன் செய்தால் 0.5 சதவீதம், ஒரு ஹீட்டுக்குப் பிறகு 8, இரண்டுக்குப் பிறகு 26. இதைப் பலர், நூறு நாயில் 26க்குப் புற்று வரும் என்று தப்பாகப் படிக்கிறார்கள். கருத்தடை செய்யாத நாய்க்கு இருக்கும் ஆபத்தை நூறு என்று வைத்தால் அதில் 26 பங்கு என்பதுதான் பொருள். 2012இல் பிரிட்டனில் எல்லா ஆய்வுகளையும் திரட்டிப் பார்த்தவர்கள், இதற்கான ஆதாரம் பலவீனமானது என்று எழுதினார்கள். ஆனாலும் சீக்கிரம் செய்தால் பாதுகாப்பு என்பதைத்தான் பெரும்பாலான மருத்துவர்கள் இன்றும் ஏற்கிறோம். இன்னொரு பக்கம், பெரிய இனங்களுக்கு ரொம்பச் சின்ன வயதில் செய்தால் மூட்டுப் பிரச்சினையும் சிறுநீர்க் கசிவும் வரலாம். அதனால் லேப் பெண் குட்டிக்கு நான் சொல்வது, முதல் ஹீட் முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்து, இரண்டாவது வருவதற்குள். உங்கள் மருத்துவர் குட்டியைப் பார்த்து வேறு சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

குண்டாவது நிஜம். கருத்தடைக்குப் பிறகு உடம்பு செலவழிக்கும் சக்தி குறைகிறது, பசி கூடுகிறது. தையல் பிரித்த அன்றிலிருந்து சாப்பாட்டில் கால் பங்கைக் குறைத்துவிடுங்கள். லேபுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. 2016இல் கேம்பிரிட்ஜில் கண்டுபிடித்தார்கள், லேப்களில் நாலில் ஒன்றுக்கு, வயிறு நிறைந்தது என்று மூளைக்குச் சொல்கிற மரபணுவில் ஒரு துண்டு இல்லை. அந்தக் குட்டி எவ்வளவு போட்டாலும் பசிக்கிறது என்றுதான் பார்க்கும். அந்தப் பார்வைக்கு இளகாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், என் வீட்டிலும் ஒன்று இருக்கிறது.

கருப்பிவீடு (திருச்சி)
ஞாயிறு, மாலை 5.30

எல்லோருக்கும் நன்றி. எக்ஸ்ரேயில் நெஞ்சு சுத்தம். கட்டி 2.6 சென்டிமீட்டர். வெள்ளிக்கிழமை ஆபரேஷன் முடிந்தது. இடது பக்கம் நாலாவது, ஐந்தாவது சுரப்பியும் தொடை இடுக்கு நெறியும் எடுத்தார்கள், அதோடு கர்ப்பப்பையும் சூலகமும். இரண்டேமுக்கால் மணி நேரம். கொழுப்பு அதிகமாக இருந்ததால் ரத்தக்குழாய்களைத் தேடிக் கட்டவே நேரமானது என்றார் டாக்டர்.

காயம் ஒரு சாண் நீளம். ராத்திரி முழுக்க, காயத்தை நக்காமலிருக்கப் போட்ட கோனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கதவு நிலையில் இடித்து இடித்து நின்றாள். மாமா பாயை எடுத்துவந்து அவள் பக்கத்திலேயே படுத்தார். காலையில் வழக்கம்போல் பிஸ்கட் டப்பாவைத் திறந்தவர், ஒன்றும் பேசாமல் மூடி வைத்துவிட்டார்.

தையலுக்குக் கீழே தண்ணீர் கோத்த மாதிரி தொளதொளவென்று இருக்கிறது. பயப்பட வேண்டுமா?

கால்நடைமருத்துவர்_தஞ்சை
ஞாயிறு, மாலை 6.05

பருத்த நாய்களுக்கு அந்த இடத்தில் நீர் கோப்பது அடிக்கடி பார்ப்பதுதான். சூடு, சிவப்பு, நாற்றம், சீழ் இல்லாவிட்டால் நாளைக் காலை காட்டினால் போதும். தேவைப்பட்டால் ஊசியால் எடுப்பார்கள். நீங்களாக அழுத்த வேண்டாம். வலிக்கு நம் வீட்டு மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள், அவர்கள் எழுதியது மட்டும். மாமாவிடம் சொல்லுங்கள், அவர்மேல் யாருக்கும் வருத்தமில்லை.

கருப்பிவீடு (திருச்சி)
பதினாறு நாள் கழித்து, செவ்வாய், இரவு 9.00

பயாப்ஸி வந்தது. புற்றுதான். கார்சினோமா, தரம் 1 என்று போட்டிருக்கிறது. வெட்டிய ஓரங்கள் சுத்தம், நெறியில் பரவல் இல்லை. படித்ததும் அழுதுவிட்டேன். டாக்டர், இருப்பதிலேயே நல்ல செய்தி இது, இப்போதைக்குக் கீமோ வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை எக்ஸ்ரே எடுப்போம் என்றார். மீதி எட்டு சுரப்பிகளிலும் புதுக் கட்டி வரலாம் என்பதால் மாதாமாதம் தடவிப் பார்க்கச் சொன்னார். தையல் பிரித்தாகிவிட்டது. இனி எடைதான். எப்படித் தொடங்குவது?

கால்நடைமருத்துவர்_தஞ்சை
செவ்வாய், இரவு 10.40

மனசுக்கு நிம்மதியாக இருக்கிறது அம்மா. அந்த ஓரங்கள் சுத்தமாக வந்ததற்கு நீங்கள் சீக்கிரம் போனதும் காரணம்.

எடை குறைந்தால் புற்று திரும்பாது என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன், அதற்கு ஆதாரம் போதாது. மூட்டு, மூச்சு, அடுத்த மயக்க மருந்து, ஆயுசு எல்லாவற்றுக்கும் நல்லது என்பது உறுதி. 48 லேப்களைக் குட்டியிலிருந்து சாகும்வரை கவனித்த ஓர் ஆய்வு 2002இல் வந்தது. கால் பங்கு குறைவாகச் சாப்பிட்டவை ஏறக்குறைய இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன.

தைராய்டை ஒருமுறை பார்த்துவிடுங்கள். 28 கிலோ இலக்கு என்றால் ஒரு நாளைக்குச் சுமார் 850 கிலோ கலோரி. மேரி பிஸ்கட் ஒன்றில் கிட்டத்தட்ட 25 இருக்கும், பத்து என்றால் காலை காபிக்கே 250 போய்விடுகிறது. வெந்த சாதம் நூறு கிராமுக்கு 130. கண்ணளவில் போடாமல் சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுங்கள். எடை குறைக்கும் வகைத் தீனி வாங்க முடிந்தால் அதுதான் சுலபம், புரதமும் சத்தும் குறையாது. வீட்டுச் சாப்பாடுதான் என்றால் சாதத்தைப் பாதியாக்கி, தோல் நீக்கிய கோழியைக் கூட்டி, வேகவைத்த சுரைக்காய், பூசணி, பீன்ஸ் சேர்த்து வயிற்றை நிரப்புங்கள். உப்பு, வெங்காயம் வேண்டாம். ஆனால் மாதக்கணக்கில் இதையே கொடுத்தால் கால்சியமும் தாதுக்களும் குறையும், அதற்கு மருத்துவரிடம் கேட்டுச் சேர்க்க வேண்டும். வாரத்துக்கு 400 கிராமிலிருந்து 800 கிராம் வரை இறங்கலாம், அதற்குமேல் வேகம் வேண்டாம்.

மாமாவுக்கும் அவளுக்குமான காபி நேரத்தை எடுத்துவிடாதீர்கள். பிஸ்கட்டுக்குப் பதிலாக வெள்ளரித் துண்டு, வேகவைத்த கேரட் கொடுக்கச் சொல்லுங்கள்.

ராக்கி_வடசென்னை
புதன், காலை 8.20

அக்கா, அன்று நான் கோபமாக எழுதியதற்கு மன்னித்துவிடுங்கள். நேற்று ராத்திரி எங்கள் நாய் ராக்கியின் அக்கா சின்னியை மல்லாக்கப் போட்டு டாக்டரம்மா சொன்ன மாதிரி பார்த்தேன். ஆறு வயது, விலா கைக்குக் கிடைக்கவே இல்லை. வலது பக்கம் கடைசிக் காம்போரம் பயறு அளவில் ஒன்று நெருடுகிறது. இன்று லீவு போட்டுவிட்டேன், வேப்பேரிக்குக் கிளம்புகிறோம். ஏதாவது கொடுத்துக் கூட்டிப் போகலாமா?

கால்நடைமருத்துவர்_தஞ்சை
புதன், காலை 8.26

வெறும் வயிற்றில் கூட்டிப் போங்கள் தம்பி, ரத்தம் எடுப்பார்கள். தண்ணீர் கொடுக்கலாம். கடைசியாக ஹீட் வந்த தேதியை எழுதி எடுத்துப் போங்கள், கண்டிப்பாகக் கேட்பார்கள்.

கருப்பிவீடு (திருச்சி)
மூன்று மாதம் கழித்து, சனி, காலை 11.10

முதல் எக்ஸ்ரே சுத்தம். இன்று மண்டித் தராசில் 33.4. மண்டிக்காரர் நம்பாமல் இரண்டாம் தடவை ஏற்றச் சொன்னார். மாமா வெள்ளரிக்காயை இப்போது காசு அளவுக்கு மெல்லிசாக நறுக்குகிறார், எண்ணிக்கை கூட வேண்டுமாம். நேற்றுக் குளிப்பாட்டும்போது முதல்முறையாக விலா கையில் தட்டியது.

ராக்கி தம்பி, சின்னி எப்படி இருக்கிறாள்?

ராக்கி_வடசென்னை
சனி, மதியம் 12.45

நல்லா இருக்கிறாள் அக்கா. அவளுடையது சாதுவான கட்டிதான், பயாப்ஸியில் உறுதியாகிவிட்டது. கருத்தடையும் சேர்த்தே முடித்துவிட்டோம். 31 கிலோவில் தொடங்கி இன்று 28.2.